துயர் பகிர்வுப் பக்கம்

எங்கள் சபைக்கு ஓர் இணையதளம் வேண்டும் என்று முடிவானபோது, அதை யார் செய்வது என்ற கேள்வியே எழவில்லை. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. மனுகாவில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பல் வைத்தியருக்கும் ஓட்டல்காரருக்கும் இணையதளம் கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. ஊருக்கெல்லாம் செய்கிறவள் கர்த்தருக்குச் செய்ய மாட்டாளா என்று போதகர் மைக்கிலேயே கேட்டுவிட்டார். மைக்கில் கேட்டதற்கு மாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

சொந்தக் கட்டடம் இல்லாத சபை எங்களுடையது. த்ரீ கிங்ஸ் என்ற புறநகரில் வெள்ளைக்காரர்களின் தேவாலயம் ஒன்றுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தினோம். பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள், மீதிப் பேர் என்னைப் போலத் தமிழ்நாட்டுக்காரர்கள், கொஞ்சம் மலேசியாக்காரர்கள். புதிதாக வருகிறவர்கள் முன்வாசலுக்குப் போய், அது பூட்டியிருப்பதைப் பார்த்து, மழையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். கார் நிறுத்துமிடம் வழியாகச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வர வேண்டும் என்பது உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். இணையதளம் வேண்டும் என்ற யோசனையே இதிலிருந்து கிளம்பியதுதான்.

ஆராதனை முடிந்து தேநீரும் ரோல்ஸும் கையில் வைத்துக்கொண்டு திட்டமிட உட்கார்ந்தோம். முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. போதகரின் படம் என்றது ஒரு பக்கம். பாடகர் குழுவின் படம் என்றது இன்னொரு பக்கம். சபை வரலாறு முழுவதும் முதலில் வர வேண்டும் என்றார் ஒருவர். அந்த வரலாற்றில் அவருடைய மாமனார் வருகிறார். ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். நான் எழுந்து வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு கேள்வியை எழுதினேன்: இதை யார் திறப்பார்கள், எதற்காகத் திறப்பார்கள்? என் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு செங்கல்லும் வைக்க மாட்டோம். தாகமுள்ள ஆத்துமாக்கள் திறக்கும் என்றார் போதகர். நான் பின்வாசலின் படம், ஆராதனை நேரம், ஒரு தொலைபேசி எண், இந்த மூன்றும் போதும் என்றேன். எல்லோருடைய முகமும் விழுந்துவிட்டது.

அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர் சபைச் செயலாளர். கொழும்பில் அரசாங்க வேலை பார்த்து, கலவரத்துக்குப் பிறகு எங்கெங்கோ சுற்றி இங்கே வந்து, மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கோடு விழாமல் தேய்த்த சட்டை, மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் எழுதும் அறிவிப்புகளில் எல்லாம் அவர் ஏதாவது ஒரு திருத்தம் வைத்திருப்பார். அன்று ரோல்ஸை மெதுவாக மென்று முடித்துவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை, சனம் எதுக்கு வரும் எண்டு கேட்டனீர். ஆர் செத்தது எண்டு பார்க்க வரும். வேறை ஒண்டுக்கும் வராது."

போதகர் சிரிக்கப் பார்த்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நம்முடைய சனம் உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறது, உடல் ஒரு நாட்டில் கிடக்க அழுகிறவர்கள் இன்னொரு நாட்டில் இருக்கிறார்கள், இங்கே யாருடைய வீட்டில் துக்கம் என்று அடுத்த ஞாயிறு வரை யாருக்கும் தெரிவதில்லை என்று விளக்கினார். செய்தி வந்த அன்றே ஒரு பக்கத்தில் போட்டால் அன்று பின்னேரமே சனம் சோறு கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகும். சனம் வராத சாவீட்டில் செத்தவருக்கு மரியாதையும் இல்லை, இருப்பவருக்கு ஆறுதலும் இல்லை என்றார். அந்தப் பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

இணையதளம் என்பது உயிரோடு இருப்பவர்களுக்கானது என்று நான் வாதாடிப் பார்த்தேன். தோற்றுப்போனேன். ‘துயர் பகிர்வு’ என்று அவரே பெயர் வைத்தார். அதில் ஓர் அறிவித்தல் ஏறியதும் சபையில் உள்ள எல்லோருடைய கைபேசிக்கும் ஒரு குறுஞ்செய்தி போகும்படி நான் அமைத்துக் கொடுத்தேன். அறிவித்தல் போடும் அதிகாரம் அவருக்கும் எனக்கும் மட்டும்.

அவர் சொன்னதுதான் நடந்தது. பின்வாசலின் படத்தை வளைத்து வளைத்து எடுத்துப் போட்டிருந்தேன். அதை எட்டிப் பார்க்க நாதியில்லை. யாராவது இறந்த அன்று மட்டும் தளத்துக்குக் கூட்டம் அலைமோதும். இங்கிருந்து மட்டுமல்ல, கனடா, லண்டன், சென்னை, ஈப்போ என்று எங்கெங்கிருந்தோ வந்து பார்ப்பார்கள். அலுவலகத்தில் என் திரையில் அந்த வருகைக் கோடு திடீரென்று மேலே ஏறினால், நான் அறிவித்தலைப் படிக்கும் முன்பே தெரிந்துவிடும். நான் கட்டிய தளம் சாவைத் தின்றுதான் உயிரோடிருக்கிறது என்று தோன்றும். அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் துக்க வீடுகளுக்குச் சனம் போனது. இடியப்பமும் சொதியும் போனது, பிளாஸ்டிக் நாற்காலிகள் போயின. அதையும் என் கண்ணால் பார்த்தேன்.

குறுஞ்செய்தியின் ஓசைக்கு எல்லோரும் பயப்பட ஆரம்பித்தார்கள். எங்கள் சபையிலிருந்த மலேசியக்கார ஆன்ட்டி ஒருவர், கடையில் அந்தச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் கூடையைத் தரையில் வைத்துவிட்டுத்தான் கைபேசியை எடுப்பாராம். செயலாளர் மட்டும் பயப்படவில்லை. காலையில் எழுந்ததும் பால் இல்லாத தேநீரோடு முதலில் அந்தப் பக்கம், பிறகுதான் வேதாகமம் என்று அவருடைய மனைவி சொல்லிச் சிரிப்பார். பிறப்பிடம், வதிவிடம், யாருக்கு மகள், யாருக்கு மாமி என்று ஒவ்வொரு வரியையும் அவர் சரிபார்ப்பார். உறவு முறையில் ஒரு பிசகு இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, சபை அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்த செயலாளர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மீதி வாக்கியத்தையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அப்படிப்பட்ட மனிதர். ஆம்புலன்ஸ் வந்தது. இருதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்திருக்கின்றன, நெஞ்சைத் திறக்க வேண்டும், முறை வரும்வரை வார்டிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். அதிர்ச்சி தரும் எதுவும் அவரை எட்டக் கூடாது என்று டாக்டர் மகளைத் தனியே அழைத்துச் சொன்னாராம்.

அவருக்குக் கனடாவில் ஒரு தங்கை. உடன்பிறப்பு என்று அவர் ஒருத்திதான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவரைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் இவர் கல்யாணம் செய்துகொண்டார். தினமும் பின்னேரம் தங்கையோடு கதைக்காவிட்டால் இவருக்குச் சாப்பாடு இறங்காது. அண்ணனுக்கு ஆபரேசன் என்றதும் தங்கை டிக்கெட் போட்டுவிட்டார், வந்து ஒரு மாதம் நின்று சமைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது தலை சுற்றுகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இதைச் சொல்ல செயலாளரின் மனைவி என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மகள் காரை நிறுத்தப் போயிருந்தாள். சந்திப்பு அறையில் கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தேன். அந்த அம்மா அழவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, செய்தியை ஒரே மூச்சில் சொன்னார். அவருக்குத் தெரியக் கூடாது என்றார். தெரிந்தால் ஒன்று அந்த இடத்திலேயே இருதயம் நின்றுவிடும், இல்லாவிட்டால் நெஞ்சைத் திறக்க விடமாட்டேன் என்று கையெழுத்துப் போடாமல் எழும்பி வந்துவிடுவார்.

"ஆபரேசன் முடியட்டும், பிள்ளை. அதுக்குப் பிறகு நானே சொல்லுறன். அதுவரைக்கும் உந்தப் பக்கத்திலை ஒண்டும் வரக்கூடாது. அவர் விடிய எழும்பினால் முதல் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறவர்."

மகள் உள்ளே வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். இங்கே வளர்ந்தவள், ஆங்கிலத்தில்தான் பேசுவாள். பக்கத்தை மூடிவிடலாமே என்று கேட்டாள். மூடினால்தான் சந்தேகம் வரும் என்று நான் சொன்னேன். எனக்குள் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. சபையின் பெயரில் ஒரு தளம் வைத்துக்கொண்டு அதைப் பொய் சொல்ல வைக்கிறார்கள் என்று கோபம். ஆனால் எங்கள் ஊராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள். என் அப்பா படுக்கையில் இருந்தபோது சித்தப்பா இறந்ததை நாங்கள் மறைக்கவில்லையா? அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு சரி என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. கனடாவிலிருந்து உறவினர்கள் தளத்துக்கு அனுப்பும் செய்திகள் செயலாளருக்கும் எனக்கும் சேர்ந்தே வரும். அவருக்குப் போகிற வழியை அடைத்தேன். போதகர் வீடு வீடாகத் தொலைபேசியில் பேசி, யாரும் வார்டில் வாய் தவறக் கூடாது, யாரும் அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகக் கூடாது என்று கட்டளையிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் சபை வாயை மூடிக்கொண்டது. இத்தனை வருடங்களில் எதிலும் ஒன்றுபடாதவர்கள் இதில் ஒன்றுபட்டார்கள்.

தங்கை எங்கே என்று அவர் கேட்பாரே? தொண்டையில் நோய்த்தொற்று, ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பயணமும் தள்ளிப் போகிறது என்று மகள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு, சரி, சுடுதண்ணீர் குடிக்கச் சொல்லு என்றாராம். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று வீட்டில் மூச்சு விட்டார்கள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையை நான் மறக்க மாட்டேன். பிரசங்கத்தைப் பதிவு செய்து தளத்தில் ஏற்றுவது வழக்கம். அவர் வார்டில் இருந்தே அதைப் பார்ப்பார். அதனால் சபை முழுவதும் அவர் பார்வைக்கு முன்னால் இருப்பதுபோல நடந்துகொள்ள வேண்டியிருந்தது. உறுப்பினர் வீட்டுத் துக்கம் என்றால் எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் நிற்போம். அன்று நிற்கவில்லை. அவருடைய மனைவி வெளிர் நீலச் சேலை கட்டி, முன்வரிசையில், கேமராவுக்கு நேராக உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியும் போதெல்லாம் சிரித்தார். நான் கேமராவின் சின்னத் திரையில் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குழந்தைகள்கூட அன்று ஓடவில்லை.

ஆபரேசன் தள்ளிப் போனது. யாரோ ஒருவரை அவசரமாகக் கொண்டுவந்துவிட்டார்களாம். மறுபடியும் நாள் குறித்தார்கள், மறுபடியும் தள்ளிப் போனது. கனடாவில் அடக்கம் முடிந்துவிட்டது. இங்கே அந்த அம்மா தனி வீட்டில் விடியக் காலை எழுந்து, புருஷனுக்கு உப்பில்லாத சாப்பாடு கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். நாத்தனார் என்றாலும் கூடப்பிறந்தவளைப் போலப் பழகியவர்கள். வீட்டிலாவது அழுங்களேன் என்று தொலைபேசியில் சொன்னேன். அழுதால் கண் வீங்கும், அவர் கண்டுபிடித்துவிடுவார் என்றார்.

இதற்கிடையில் கூடையைக் கீழே வைக்கிற மலேசியக்கார ஆன்ட்டியின் அண்ணன் ஈப்போவில் இறந்துபோனார். தொண்ணூறை நெருங்கியவர், எதிர்பார்த்த சாவுதான். ஆன்ட்டி எனக்கு விவரங்களை அனுப்பினார். நான் அறிவித்தலைத் தயார் செய்து வைத்திருந்தேன். செயலாளரின் மகளுக்கு எப்படியோ தெரிந்து என்னைக் கூப்பிட்டாள். எந்தச் சாவுச் செய்தியும் இப்போது அப்பாவின் கண்ணில் படக் கூடாது, பயந்துபோவார், ப்ளீஸ் என்றாள். நான் ஆன்ட்டியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"பரவால்ல லா," என்றார் ஆன்ட்டி. "எங்கண்ணன் உயிரோட இருக்கும்போதும் எதுக்கும் அவசரப்பட்டது கிடையாது."

அந்தப் பெருந்தன்மை எனக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது. ஒரு சாவை மறைக்கக் கிளம்பி இப்போது எல்லாச் சாவுகளையும் நிறுத்திவிட்டோம். அந்த அண்ணனுக்கும் இங்கே ஒருவர் சோறு கொண்டு போகவில்லை. துயர் பகிர்வுப் பக்கம் நாள்கணக்காக அசையாமல் கிடந்தது. வருகைக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஒவ்வொரு காலையும், மருத்துவமனையின் பக்கமிருந்து ஒரே ஒரு வருகை மட்டும் பதிவாகும். வந்து, பார்த்துவிட்டு, போய்விடும். சில நாள் மறுபடியும் வரும். அந்த ஒற்றை வருகையைப் பார்க்கும்போது கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சத்தமில்லாமல் நிற்பதுபோல இருக்கும்.

பிறகு ஒரு நாள் மகள் கூப்பிட்டாள். நாளைக்கு நிச்சயம் ஆபரேசன், அதற்கு முன்னால் தளத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றாள். அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். வழியெல்லாம் என்ன பொய் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். சர்வர் பழுது, புது வசதி சேர்க்கிறோம், இப்படி.

நெஞ்சு மயிரைச் சிரைத்து, ஆஸ்பத்திரி அங்கியில், பாதி ஆளாக உட்கார்ந்திருந்தார். மேல் பொத்தான் போட்ட சட்டை இல்லாமல் அவரைப் பார்த்ததே எனக்குச் சங்கடமாக இருந்தது. மனைவி பக்கத்தில் இருந்துகொண்டு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், சிரித்தார், வெயில் வந்திருப்பதைப் பற்றிச் சொன்னார். எனக்குக் கோப்பி வாங்கி வரும்படி அவர் மனைவியைக் கீழே அனுப்பினார். அந்த அம்மா போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துக்கொள் என்று சொல்லும் பார்வை.

அவர் கைக்கணினியை எடுத்து என் பக்கம் திருப்பினார். திரையில் துயர் பகிர்வுப் பக்கம்.

"பக்கம் சும்மா கிடக்குது. சனம் சாகிறதை விட்டிட்டுதோ?"

நான் சர்வர் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"எங்கட சனம் இவ்வளவு நாள் ஒருத்தரும் சாகாமல் இருக்காது, பிள்ளை. அப்ப எனக்குக் காட்டக்கூடாத ஒரு சாவு இருக்குது. அது ஆருடையது? மகள் நாளாந்தம் முன்னாலை வந்து நிக்கிறாள். மனுசி நிக்கிறா. மிச்சம் அவள் ஒருத்திதானே."

அவர் குரலை உயர்த்தவில்லை, கண்ணில் நீர் இல்லை. கணக்கில் பிழை எங்கே என்று காட்டுகிறவர்போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான் ஏற்றிய ஞாயிறு ஆராதனையைப் பார்த்தபோதே உறுதியாகிவிட்டதாம். முன்வரிசையில் மனைவி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாராம். ஆராதனையில் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை என்றார். அப்படியானால் இத்தனை நாளும் எல்லாம் தெரிந்துகொண்டேதான் ஆரஞ்சு தின்றிருக்கிறார், சுடுதண்ணீர் குடிக்கச் சொன்னபோதே சந்தேகப்பட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழக் கூடாது என்று முறைத்தார்.

மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்றார். தனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவள் உடைந்துபோவாள், தனக்காகத்தான் சிரித்துக்கொண்டு திரிகிறாள், நாளை வரைக்கும் அந்தப் பிடி அவளுக்கு வேண்டும் என்றார். பிறகு அறிவித்தலை எழுதிக்கொள்ளச் சொன்னார். கைபேசியில் தட்டச்சு செய்தேன். தங்கையின் பிறப்பிடம், வதிவிடம், தகப்பன் பெயர், தாய் பெயர், கணவர், பிள்ளைகள் என்று தடங்கலில்லாமல் வந்தது. பல தடவை மனதுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறார். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற இடத்தில் மட்டும் ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார். உடன்பிறந்தவர்கள் என்ற வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"அவளுக்குச் சகோதரம் எண்டு நான் ஒருத்தன். என்ரை பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு வருமோ வராதோ எண்டது நாளைக்குப் பின்னேரம் தெரியும். தெரிஞ்ச பிறகு போடும். முந்திப் போட்டிட்டுப் பிறகு திருத்தினால் வடிவில்லை."

சொல்லிவிட்டு, நிறுத்தி வைத்திருக்கும் மற்றச் சாவையும் போடச் சொன்னார். ஆன்ட்டியின் அண்ணன் இறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியாது, ஆனால் வேறு யாராவது கட்டாயம் இறந்திருப்பார்கள், அவர்களையும் தன்னால் காக்க வைத்திருப்பீர்கள் என்றார். கோப்பியோடு மனைவி வந்தார். தளத்தில் கோளாறு சரியாகிவிட்டதா என்று கேட்டார். ஓம், பிள்ளை எல்லாம் பார்த்துக்கொள்ளுவா என்றார் அவர்.

மறுநாள் காலையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நான் மனைவியோடும் மகளோடும் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தேன். என் கைபேசியில் அந்த அறிவித்தல் இரண்டு விதமாக இருந்தது. ஒன்றில் அவர் பெயர் வெறுமனே இருந்தது. மற்றதில் அந்தச் சொல் முன்னால் இருந்தது. ஒருவர் உயிரோடிருக்கும்போதே அவருக்கு அந்தச் சொல்லைப் போட்டு வைத்தவள் நான். கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். அந்த அம்மா என் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். ஜெபத்துக்கு நடுவில், இது முடிந்ததும் தங்கையின் செய்தியை அவருக்கு எப்படிச் சொல்லுவது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரகசியத்தை இரண்டு பக்கமும் சுமப்பது எப்படிப்பட்ட பாவம் என்று அன்றுதான் தெரிந்தது.

சொன்ன நேரம் கடந்துபோனது. கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேரும் எழுந்தோம். வேறு யாருக்கோ திறந்த கதவு அது. மகள் சுவரோடு நின்று நகத்தைக் கடித்தாள். பகல் சாயத் தொடங்கிய பிறகு ஒரு பெண் டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். நினைத்ததைவிடச் சிரமமாகிவிட்டது, நடுவில் ஒரு கட்டத்தில் எங்களுக்கே பயமாக இருந்தது, ஆனால் இருதயம் தானாகத் துடிக்கத் தொடங்கிவிட்டது என்றார். மகள் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் நடைபாதைக்கு வந்தேன். அந்தச் சொல் இருந்த அறிவித்தலை முதலில் அழித்தேன். அழிந்துவிட்டதா என்று மறுபடியும் பார்த்தேன். பிறகு மற்றதை ஏற்றினேன், அதோடு ஆன்ட்டியின் அண்ணனுடையதையும். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தபடி நின்றேன். அந்த அம்மா கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு படித்தார். முதலில் முகத்தில் கோபம் வந்தது, யார் இதைப் போட்டது என்ற கோபம். பிறகு மறுபடியும் மேலிருந்து படித்தார். இந்த முறை மெதுவாக, விரலை வரியில் வைத்து. கணவனின் எழுத்து நடையை அந்த அம்மாவுக்குத் தெரியாதா?

நான் உள்ளே போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். எப்போது சொன்னார் என்று கேட்டார். நேற்று சொன்னார், ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அவருக்குத் தெரியும் என்றேன். அறையில் இருந்த மற்றக் குடும்பங்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. அவர் கைபேசியை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து, அத்தனை நாளும் வராத அழுகை வந்தது.

"மனுசன் தனிய அழுதிருக்கு, பிள்ளை," என்றார். "பக்கத்திலை இருந்து நான் சிரிச்சுக்கொண்டிருந்தனான்."